தெருக்குப்பை அள்ளும் குழு: கடைசிச் சாக்கு வண்டியில் ஏறும் வரை

புதிதாகத் தொடங்கும் குழுக்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகின்றன. முதலில் வாட்ஸ்அப் குழு. அப்புறம் பெயர், சின்னம், டி-ஷர்ட். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முப்பது பேர் வந்து இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து சாக்கு சாக்காகக் கட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். சாக்குகள் மட்டும் சாலையோரத்தில் நிற்கின்றன. திங்கட்கிழமை நாய் கிழிக்கும், செவ்வாய்க்கிழமை மாடு கிளறும். புதன்கிழமை பார்த்தால் அதே குப்பை அதே இடத்தில் கிடக்கும், கூடவே கிழிந்த சாக்குகளும்.

அதனால் இந்த வழிகாட்டி பின்னாலிருந்து தொடங்குகிறது. வண்டி முதலில், ஆட்கள் பிறகு. டி-ஷர்ட் வேண்டுமென்றால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சென்னையையும் அதன் புறநகரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்களில் அலுவலகப் பெயர்கள் மாறும், வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. சின்ன இடமாக எடுங்கள்

"ஏரி முழுக்கச் சுத்தம் பண்ணிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தலையாட்டிவிட்டு, 200 மீட்டர் மட்டும் எடுங்கள். ஒரு பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்த தெருமுனை வரை, அல்லது ஏரிக்கரையில் ஒரு மதகிலிருந்து அடுத்த மின்கம்பம் வரை. எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடித்த இடம் முடித்ததுபோலத் தெரிந்தால்தான் வந்தவர்கள் மறுமுறையும் வருவார்கள். பரவலாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினால் எவ்வளவு அள்ளினாலும் தொடாத மாதிரியே இருக்கும்.

இடத்தை இரண்டு நேரங்களில் போய்ப் பாருங்கள்: வேலைநாள் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமலே கேரி பையை வீசுவதைப் பார்ப்பீர்கள். இரவில் குடிக்க உட்காருகிறவர்களையும், கோழிக்கடைக் கழிவு கொட்ட வருகிறவர்களையும் பார்ப்பீர்கள். யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம். குறித்துக்கொண்டால் போதும், 10-ஆவது படியில் தேவைப்படும்.

அந்த நிலம் யாருடையது என்பதையும் இப்போதே விசாரியுங்கள். உள்தெரு என்றால் மாநகராட்சி, பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையாக இருக்கலாம். ஏரி என்றால் பாசனப் பரப்பைப் பொறுத்தது: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை உள்ளாட்சி அமைப்பிடமும் இருக்கும். காலி மனைக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். ரயில் பாதை ஓரத்தையும், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போல வனத்துறை வசம் உள்ள இடங்களையும் புதுக்குழு தொடவே கூடாது.

2. வண்டியைப் பிடியுங்கள்

இந்த வேலையின் முதுகெலும்பு இதுதான். தேதியை நீங்கள் முடிவு செய்துவிட்டு வண்டி கேட்காதீர்கள். வண்டி எந்த நாளில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

வார்டு அலுவலகத்தில் பார்க்க வேண்டியவர் சுகாதார ஆய்வாளர். அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், எந்த இடம் (எந்த முனையிலிருந்து எந்த முனை வரை), எந்தத் தேதி, எத்தனை மணி, சுமார் எத்தனை பேர், எத்தனை சாக்கு எதிர்பார்க்கிறீர்கள், சாக்குகளை எங்கே அடுக்கி வைப்பீர்கள், பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண். இவ்வளவு போதும். சமூக அக்கறை பற்றிய முன்னுரையை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலை போலீஸ்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ "யாரைக் கேட்டுப் பண்றீங்க?" என்றால் அந்தத் தாள் பேசும்.

கடிதம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம். அலுவலகத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வண்டி ஓட்டுநர் வரை இறங்குவதற்குள் பாதி வழியில் காணாமல் போய்விடும். அதனால் அந்தப் பகுதித் தூய்மைப் பணியாளர்களை மேற்பார்க்கும் மேஸ்திரியை நேரில் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள் காலையில் கூடி வருகைப் பதிவு செய்யும் இடத்தில் அவர் இருப்பார். "அண்ணே, அடுத்த சனிக்கிழமை நாங்க பதினஞ்சு பேர் இங்க அள்ளப் போறோம், எட்டு மணிக்கு வண்டி வந்தா போதும்" என்று சொல்லி, அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையர் எண்ணைவிட அந்த எண் உங்களுக்கு உதவும். முந்தின நாள் மாலை ஒருமுறை கூப்பிட்டு நினைவூட்டுங்கள்.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த வண்டி வரும்? பேட்டரி வண்டியில் சில சாக்குகள்தான் ஏறும், பெரிய குவியலுக்கு டிப்பரோ, குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டரோ வேண்டும். சாக்கோடு ஏற்றுவார்களா, கொட்டிவிட்டுச் சாக்கைத் திருப்பித் தருவார்களா? எதையெல்லாம் எடுக்க மாட்டார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். கட்டட இடிபாடு, மெத்தை, டயர் மூன்றும் வழக்கமான வண்டியில் ஏறாது. சென்னையில் இடிபாட்டுக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் தனி ஆலைகள் இருக்கின்றன. அதற்கான வண்டியைத் தனியாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று அதைத் தொடாமல் விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நமக்கு வசதி. அன்று பணியாளர்களும் வண்டிகளும் குறைவாக இருந்தால் அவர்களுக்கு வசதியில்லை. சனிக்கிழமை காலைதான் பல இடங்களில் ஒத்துவருகிறது. சென்னைக்கு வெளியே நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் இதே பேச்சு. கிராமத்தில் ஊராட்சிச் செயலரையும் தூய்மைக் காவலர்களையும் பாருங்கள்.

3. கொடியில்லாத குழு என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள்

பலரும் தயங்கித் தள்ளிப்போடும் பேச்சு இது. தள்ளிப்போட்டால், குப்பை அள்ளும் நாளன்று வந்து நிற்கும்.

குழு தொடங்கும்போதே நான்கு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். கட்சி, சாதி, மதம் சார்ந்த கொடியோ படமோ முழக்கமோ கிடையாது. தொடக்கத்தில் பூசையும் பிரார்த்தனையும் கிடையாது. யாருடைய பிறந்தநாளுக்காகவும் நடத்துவதில்லை. பணமாக நன்கொடை வாங்குவதில்லை, பொருளாகத் தரலாம். காரணம் எளிது. தெருவில் எல்லா வீட்டாரும் குப்பை போடுகிறார்கள், எல்லா வீட்டாரும் வந்து அள்ள வேண்டும். ஒரு அடையாளம் ஒட்டிக்கொண்டால் மற்றவர்களுக்கு அது "அவங்க வேலை" ஆகிவிடும்.

கூடும் இடத்தையும் அப்படியே பாருங்கள். கோயில் வாசல், தேவாலய வாசல், பள்ளிவாசல் முகப்பு, கட்சி அலுவலகம் எதுவும் வேண்டாம். ரேஷன் கடை, பூங்கா வாசல், தேநீர்க்கடை நல்லது. பண்டிகை நாட்களையும் ஞாயிறு ஆராதனை நேரத்தையும் தவிர்த்துத் தேதி வைத்தால் யாரும் விடுபட மாட்டார்கள்.

கவுன்சிலர் வருகிறேன் என்றால் வரட்டும். மற்றவர்களுக்குத் தரும் கையுறையையே அவருக்கும் கொடுங்கள். அவர் ஆட்கள் பிளக்ஸ் கட்ட வந்தால், "அண்ணே, குப்பையைக் குறைக்கத்தான் இந்த வேலை, பேனர் கட்டினா நாளைக்கு அதையும் நாங்கதான் அள்ளணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகை பிளாஸ்டிக் பொருட்களில் பிளாஸ்டிக் கொடியும் ஒன்று. பொதுக்கூட்டம் நடந்த மறுநாள் சாலையைப் பார்த்தால் அந்தத் தடையின் நிலைமை தெரியும்.

4. ஆட்கள்: பதினைந்து பேர் போதும்

முதல் முறைக்கு ஐம்பது பேரைச் சேர்த்தால் கையுறை போதாது, சாக்கு போதாது, பாதிப்பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து பேர் என்றால் ஏழு ஜோடியும் ஓர் ஒருங்கிணைப்பாளரும். வருகிறேன் என்று கை தூக்குகிறவர்களில் கணிசமானவர்கள் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்து அழையுங்கள்.

முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டிய பொறுப்புகள் மூன்று: வண்டியைத் தொடர்புகொள்பவர், பொருட்களையும் முதலுதவிப் பெட்டியையும் வைத்திருப்பவர், எடை போட்டு எழுதுபவர். வண்டிப் பொறுப்பாளர் கடைசி வரை இருந்தே ஆக வேண்டும், பாதியில் கிளம்ப வேண்டியவருக்கு அந்த வேலையைத் தராதீர்கள்.

அழைப்புச் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "சனிக்கிழமை காலை 6 மணி, ரேஷன் கடை வாசல். 8.30-க்கு முடியும். மூடிய ஷூ, முழுக்கை, தொப்பி கட்டாயம். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து." எப்போது முடியும் என்பதைச் சொல்வது, எப்போது தொடங்கும் என்பதைவிட முக்கியம். வீட்டில் பால் வாங்க, பிள்ளையை டியூஷனில் விட, ஆளுக்கொரு கடமை இருக்கும்.

சின்னப் பிள்ளைகளைச் சாலையோர வேலைக்கு அழைக்காதீர்கள். பூங்காவுக்குள் என்றால் பெற்றோர் கூடவே இருக்கட்டும்.

5. பொருட்கள்

கையுறையில்தான் காசு செலவழிக்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய உறை கண்ணாடிச் சில்லுக்கு முன்னால் ஒன்றுமில்லை. உள்ளங்கையில் ரப்பர் பூச்சு உள்ள, கட்டட வேலைக்காரர்கள் போடும் துணிக் கையுறை வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படும். ஈரக் குப்பை அள்ளுகிறவர்களுக்கு முழங்கை வரை வரும் ரப்பர் உறை.

கறுப்புக் குப்பைப் பையை வாங்காதீர்கள். ஒரு பாட்டில் துண்டு போதும், அடியோடு கிழியும். உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அதுவே ஒரு புதுப் பிளாஸ்டிக் குப்பை. அரிசி மண்டியில் பழைய சாக்கு வாங்குங்கள். சிமெண்டு சாக்கும் ஆகும், ஆனால் முந்தின நாளே உதறிவிடுங்கள், இல்லையென்றால் தூசி கண்ணில் போகும்.

மற்றவை: நீளக் கைப்பிடி இடுக்கி (ஜோடிக்கு ஒன்று), மண்ணில் புதைந்த கவரை இழுக்க இரண்டு முள்வாரி, ஒரு மண்வெட்டி, இரும்புச் சட்டி, சணல், நான்கு நிறத் துணி நாடா, கொக்கித் தராசு, மூடியுள்ள காலி பெயிண்ட் வாளி ஒன்று. சாலையோரம் என்றால் மினுங்கும் மேற்சட்டை எல்லோருக்கும். முதலுதவிப் பெட்டியில் சோப்பு, பொவிடோன் அயோடின், கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். வாளி எதற்கு என்று அடுத்த படியில்.

6. தொடக் கூடாதவை

வேலை தொடங்கும் முன் இதை வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

ஊசி, பிளேடு: கையால் எடுக்காதீர்கள். இடுக்கியால் எடுத்து நேராகப் பெயிண்ட் வாளிக்குள். ஊசி மூடியைத் திரும்பப் பொருத்த முயல வேண்டாம், குத்துவது அப்போதுதான். மருத்துவக் கழிவு மொத்தமாக ஒரு பையில் கிடந்தால் தொடாமல் படம் எடுத்து சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள், அது வழக்கமான குப்பை வண்டியில் போகக் கூடாத பொருள். யாரையாவது ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டெட்டனஸ் ஊசி போட்டு வெகுநாள் ஆனவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொண்டு வரட்டும்.

சாக்கடைக்குள், மழைநீர் வடிகாலுக்குள், மேன்ஹோலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஆர்வக்கோளாறில் "நான் இறங்குறேன்" என்று சொல்பவரைப் பிடித்து நிறுத்துங்கள். உள்ளே நிற்கும் விஷவாயு மணமில்லாமலும் கொல்லும். கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஊதியம் வாங்கும் ஒருவரை இறக்கக் கூடாத இடத்தில் தன்னார்வலர் மட்டும் ஏன் இறங்க வேண்டும்?

மூடிக் கட்டிய கனமான மூட்டை, செத்த விலங்கு, ரசாயன டப்பா, தீபாவளிக்குப் பிறகு வெடிக்காமல் கிடக்கும் பட்டாசு, தொங்கும் மின்கம்பி ஆகியவற்றைக் குறித்துவைத்து மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

ஏரிக்கரையில் பாம்பு உண்டு. பழைய சாக்கு, ஓட்டுக் குவியல், புதர் எதையும் தூக்குவதற்கு முன் நீளக் கோலால் தட்டி, இரண்டு நிமிடம் விடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

மழை பெய்து தேங்கிய நீரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி தோல் வெடிப்பு வழியாக உள்ளே போகும். காலில் புண் இருப்பவர் அன்று தராசுப் பக்கம் உட்காரட்டும்.

7. அன்று காலை

ஆறு மணிக்குக் கூடி, பத்து நிமிடத்தில் பாதுகாப்புப் பேச்சை முடியுங்கள். சென்னை வெயிலில் எட்டரைக்கு மேல் வேலை செய்தால் யாருக்காவது மயக்கம் வரும்.

எடுப்பதற்கு முன் நான்கு இடங்களில் படம் எடுங்கள். எங்கே நின்று எடுத்தீர்களோ அங்கே ஒரு அடையாளத்தை, மின்கம்ப எண்ணையோ கடைப் பலகையையோ, சட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். முடித்தபின் அதே இடத்தில் நின்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

எப்போதும் தூரத்து முனையில் தொடங்கி, வண்டி நிற்கும் இடத்தை நோக்கி அள்ளிக்கொண்டே வாருங்கள். பலரும் கூடிய இடத்திலேயே குனிந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் அரைமணியில் சாக்கு நிறைந்துவிடும், தெம்பு குறையும்போது அதைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். சாலையோரத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்த முகமாக நடந்து பொறுக்குங்கள்.

ஜோடியில் ஒருவர் பொறுக்குவார், ஒருவர் சாக்குகளைப் பிடிப்பார். கால் மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், இடுப்பு தாங்கும். சாக்கை முக்கால் மட்டும் நிரப்புங்கள். நிறைத்துக் கட்டினால் கழுத்தில் பிடி கிடைக்காது, வண்டிக்குத் தூக்கும் பணியாளரின் தோள்தான் வாங்கும்.

பெரியதை மட்டும் எடுத்துவிட்டு ஷாம்பு உறையையும் ஸ்பூனையும் விட்டுப் போவது வழக்கம். மண்ணோடு மண்ணாகப் போவது அந்தச் சின்னவைதான். பின்னால் ஒரு ஜோடியைச் சின்னவற்றுக்கென்றே வரச் சொல்லுங்கள். காய்ந்த இலையை அள்ள வேண்டாம், அது குப்பையில்லை. சாக்கும் எடையும் வீணாகும். கரையில் உள்ள கோரையையும் புதரையும் "அழகாக இருக்கட்டும்" என்று வெட்டாதீர்கள், பறவை கூடு கட்டியிருக்கும், கரை மண்ணைப் பிடித்திருப்பதும் அதன் வேர்தான்.

8. பிரிப்பது: எடுக்கும்போதே

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுவிட்டு நிழலில் கொட்டிப் பிரிக்கலாம் என்று தோன்றும். நடக்காது. சாப்பாட்டு மீதி ஒன்று உடைந்தால் சாக்கு முழுக்க நாறும், மறுபடி கைவைக்க யாருக்கும் மனம் வராது. அந்தச் சாக்கு அப்படியே பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் போய்ச் சேரும். தெருவிலிருந்து மேட்டுக்கு இடம் மாற்றியதுதான் மிச்சம்.

ஜோடிக்கு மூன்று சாக்கு, நிற நாடா கட்டி:

பச்சை நாடாவுக்கு மக்கும் குப்பை: உணவு, பூமாலை, வாழையிலை. சாலையோரத்தில் இது குறைவாகவே இருக்கும், சாக்குக்குப் பதில் சட்டியே போதும்.

நீல நாடாவுக்கு விலைபோகிறவை: தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், தகரம், அட்டை. பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மூடி திறந்து, மிதித்து நசுக்கிப் போட்டால் ஒரு சாக்கில் பல மடங்கு அடங்கும். சேறு பூசிய பாட்டிலைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள், அதை அடுத்த சாக்கில் போடுங்கள். உங்கள் பகுதியில் ஏற்கெனவே பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருப்பார்கள். இந்தச் சாக்கை அவர்களிடமோ தூய்மைப் பணியாளர்களிடமோ கொடுத்துவிடுங்கள். குழுவுக்கு வருமானம் என்று நினைத்து நீங்கள் விற்கப் போனால், தெருவை உங்களுக்கு முன்பே சுத்தம் செய்துகொண்டிருந்தவரின் கூலியில் கைவைக்கிறீர்கள்.

சிவப்பு நாடாவுக்கு விலைபோகாதவை: சிப்ஸ் கவர், பான் மசாலா உறை, மெல்லிய கேரி பை, தெர்மாகோல், பூச்சு போட்ட காகிதக் கோப்பை, கந்தல். எடை குறைவு, இடம் அதிகம். உங்கள் சாக்குகளில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்து வாருங்கள்.

இவை தவிர நாப்கினும் டயப்பரும் தனி. இடுக்கியால் எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வெள்ளை நாடாப் பையில் போடுங்கள். தனியாகச் சுற்றித்தர வேண்டும் என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. பிரித்துக் கொடுக்காவிட்டால் பின்னால் குப்பை பிரிக்கும் மையத்தில் ஒரு பெண் வெறுங்கையால் அதைப் பிரிக்க வேண்டியிருக்கும். குழல்விளக்கு, பேட்டரி, மின்சாதனத் துண்டுகள் ஒரு அட்டைப்பெட்டியில்.

மது பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை, காலி மனை எங்கும் அதுதான் கிடக்கும். முழுப் பாட்டில்களைத் தனிச் சாக்கில் சேருங்கள். நீலகிரியில் 2022-இல் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்த திட்டத்தில், ஸ்டிக்கர் ஒட்டிய காலி பாட்டிலை டாஸ்மாக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். உங்கள் பகுதிக் கடையில் என்ன நடைமுறை என்று கேட்டுக்கொண்டு, எடுத்துப்போகத் தயாராக இருப்பவரிடம் அந்தச் சாக்கை ஒப்படையுங்கள். உடைந்த கண்ணாடியை இரட்டைச் சாக்கில் போட்டு, வெளியே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதுங்கள்.

ஒருபோதும் கொளுத்தாதீர்கள், கொஞ்சம் சருகுதானே என்றாலும். சருகுக்குள் கவர் இருக்கும். நீங்கள் ஒருமுறை மூட்டினால் அந்த இடம் தெருவுக்கு எரிக்கும் இடமாகிவிடும்.

9. வண்டி வரும் வரை

ஏழே முக்காலுக்கு வண்டிப் பொறுப்பாளர் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். இடையில் சாக்குகளை நிறவாரியாக அடுக்கி எடை போட்டு எழுதிவிடுங்கள்.

மற்றவர்கள் கிளம்பினாலும், இரண்டு பேர் கடைசிச் சாக்கு ஏறும் வரை அங்கேயே நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். ஏற்றும்போது எந்தச் சாக்கில் என்ன என்று பணியாளரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் பிரித்ததெல்லாம் ஒரே குவியலாகிவிடும். ஏற்ற நீங்களும் கை கொடுங்கள். தேநீர் வாங்கினால் அவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள், டம்ளரில். சால்வை போர்த்திப் படமெடுப்பதை விட்டுவிடலாம், அவர்களுக்கு அடுத்த தெரு காத்திருக்கிறது.

வண்டி வரவில்லையா? பொறுப்பாளர் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கட்டும். மேஸ்திரியைக் கேட்டு, மாநகராட்சித் தொட்டி இருக்கும் இடத்துக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்துக் கொண்டுபோங்கள். அவர் சொல்லாத இடத்தில் இறக்காதீர்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் சாக்கு வாயை இறுகக் கட்டி, தார்ப்பாய் மூடி, யாராவது ஒருவர் வீட்டு வளாகத்துக்குள் வையுங்கள். சாலையில் விட்டுப் போவதற்கு அதுவே மேல்.

10. குப்பை ஏன் திரும்ப வருகிறது

ஒரு வாரத்தில் பாதி திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பாதிக் குழுக்கள் கலைகின்றன. 1-ஆவது படியில் குறித்துவைத்ததை இப்போது எடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வீசுகிறார்கள் என்றால், அவர்கள் தெருவுக்குக் காலை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் கிளம்பியபிறகுதான் வரும். மேஸ்திரியிடம் சொல்லி நேரத்தை அரைமணி முன்னால் நகர்த்தச் செய்தால், ஒரு மாதப் பொறுக்கல் மிச்சம். தேநீர்க்கடைக் கோப்பைகள் என்றால் கடைக்காரரிடம் பேசுங்கள், அவர் வியாபாரம் இல்லாத மதிய நேரத்தில். "இது தடை செஞ்சதுண்ணே" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண்ணாடி டம்ளருக்கு மாறினால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள், வாசலில் ஒரு தொட்டி வைக்கச் சொல்லுங்கள். கோழிக்கடைக் கழிவு போல மொத்தமாக வந்து விழுவதற்கு நீங்கள் பேசிப் பயனில்லை. வண்டி எண், நேரம், படத்தோடு மாநகராட்சியில் எழுத்துப் புகார் கொடுங்கள்.

கொட்டும் இடத்தில் சாமி படம் பதித்த ஓடு ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஊர் முழுக்கப் பார்க்கிறோம். மூன்று மதச் சின்னங்களையும் வரிசையாக ஒட்டியிருப்பார்கள், குப்பை பத்தடி தள்ளி விழுந்துகொண்டிருக்கும். கொடியில்லாத குழுவுக்கு அது பொருந்தாது, பயனும் இல்லை. அந்த மூலையில் ஒரு விளக்கு போட வைப்பதும், தினமும் பெருக்கி அங்கே கோலம் போட ஒரு வீட்டாரைச் சம்மதிக்க வைப்பதும் நன்றாக வேலை செய்கின்றன. இருட்டும் ஏற்கெனவே கிடக்கும் குப்பையும்தான் புதுக் குப்பையை அழைக்கின்றன.

அதே 200 மீட்டருக்கு மாதம் ஒருமுறை திரும்பப் போங்கள். எடைக் குறிப்பு தொடர்ந்து குறைய ஆரம்பித்தபிறகு அடுத்த 200 மீட்டர். புதுப்புது இடமாகத் தாவும் குழுவிடம் படங்கள் நிறைய இருக்கும், சுத்தமான தெரு ஒன்றுகூட இருக்காது.

11. மாதம் பார்த்து

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் வடிகால் வாய்களைச் சுற்றியுள்ள தரையில் கிடக்கும் கவர்களை அள்ளுவதுதான் ஆண்டின் மிகப் பயனுள்ள வேலை. வாய்க்கு வெளியே மட்டும், உள்ளே கையை விடாமல். பொங்கலை ஒட்டி, போகி நாளுக்கு முன்பே வீடுகளில் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் கேட்டு வாங்கி மாநகராட்சியிடம் சேர்த்துவிட்டால் அவ்வளவும் எரியாமல் தப்பும்.

கடற்கரைக்குப் போகும் குழுக்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கவனமாக இருக்க வேண்டும். பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் முட்டையிடும் காலம் அது. அந்த மாதங்களில் முள்வாரியும் மண்வெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும், மேலே கிடப்பதைக் கையால் மட்டும் எடுங்கள். மணலில் ஆமையின் துடுப்புத் தடம் தெரிந்தால் அதைச் சுற்றி நடக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாதி புதைந்த மீன்வலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மீனவக் குப்பத்தில் கேட்டுவிட்டு, வெளியே தெரிகிற அளவுக்குக் கத்தியால் அறுத்து எடுங்கள். உலர வைத்த நல்ல வலையைக் குப்பை என்று சாக்கில் போட்டுவிட்டால் ஒரு குடும்பத்தின் முதலே போய்விடும்.